நாலு கோபுரமும் தெரிய வேண்டும்

கடலூர் ஸ்டேஷனில் இறங்கியதும் என்னோடு முதலில் பேச்சுக் கொடுத்தவர் ஒரு ஜட்கா வண்டிக்காரர். என் தோளில் இருந்த நாலடி உருளையைப் பார்த்துவிட்டு, கோரைப் பாயா என்று கேட்டார். பாய் இல்லை, படம் என்றேன். ஓர் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே வெள்ளையாக இருந்தது. ஒன்றுமே இல்லையே என்றார். இனிமேல்தான் வரைய வேண்டும் என்றேன். "அப்ப பாயின்னே வச்சுக்குவோம்" என்று அதைத் தூக்கி வண்டிக்குள் போட்டார். என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளத் தயங்கிய ஒன்றை அவர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டதாக எனக்குப் பட்டது.

பினாங்கில் எனக்கு 'மலர் ஆர்ட்ஸ்' என்று ஒரு கடை. சோடாக் கடை, தையல் கடை, சலூன் எல்லாவற்றுக்கும் போர்டு எழுதுவோம். எழுதுவோம் என்று பன்மையில் சொல்வது கௌரவத்துக்காக. எழுதுகிறவன் நான் ஒருத்தன்தான். போர்டின் மூலையில் 'மலர் ஆர்ட்ஸ்' என்று சின்னதாக இருக்கும். எனக்காக வரைகிற படங்களில் மட்டும் 'சண்முகம்' என்று போடுவது என்று கடை தொடங்கிய நாளிலேயே ஒரு விதி வைத்துக்கொண்டேன். விதி நல்ல விதிதான். ஆனால் ஆறு வருஷமாக 'சண்முகம்' என்று எழுத ஒரு படமும் அமையவில்லை. காலையில் கடை திறப்பதற்கு முன் வரையலாம் என்று உட்காருவேன். யாராவது வந்து, அவசரம், இன்றைக்கே திறப்பு விழா என்பார்கள். எழுந்துவிடுவேன்.

இந்தப் பயணத்துக்கு அனுப்பியவர் எங்கள் தெரு அரிசிக் கடை முதலாளி தங்கவேலு. எழுபது வயது. சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளைப் பக்கம் பிறந்து, பதினாறு வயதில் புறப்பட்டுப் போனவர். திரும்பி வரவே இல்லை. இப்போது முழங்கால் மடங்குவதில்லை. கப்பல் ஏணி ஏற முடியாது. ஊரைத்தான் பார்க்க முடியாது, படத்தையாவது பார்க்கிறேன், நேரில் போய்ப் பார்த்து வரைந்து வா என்று சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. சிதம்பரம் கோயிலின் நாலு கோபுரமும் படத்தில் தெரிய வேண்டும். அரிசி மூட்டைச் சீட்டு ஒன்றைத் திருப்பிப் பென்சிலால் நாலு கோடு போட்டுக் கொடுத்தார். இடது ஓரம் ஒன்று, வலது ஓரம் ஒன்று, நடுவில் இரண்டு கிட்டக் கிட்ட. நாலு கோட்டைச் சம இடைவெளி விட்டுப் போடத் தெரியவில்லை, எனக்கு யோசனை சொல்கிறாரே என்று மனசுக்குள் சிரித்தபடி சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

என் திட்டம் வேறு. பினாங்கில் சில மாதங்களில் ஒரு ஓவியக் கண்காட்சி நடக்க இருந்தது. படத்தை ஒரு வாரம் கண்காட்சிக்கு இரவல் தர முதலாளி சம்மதித்திருந்தார். நாலு திசையில் நிற்கிற கோபுரங்களை ஒரே வரிசையில் கொண்டுவந்து நிறுத்துவது காலண்டர் வேலை. அதைத் தூக்கிக்கொண்டு போனால் மற்ற ஓவியர்கள் சிரிப்பார்கள். ஒரே ஒரு கோபுரம், உச்சி வெயிலில், அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தபடி வரைவேன். 'சண்முகம்' என்று கையெழுத்துப் போடுவேன். அரிசி வியாபாரிக்கு அப்புறம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சுருட்டிக் கொண்டுவந்த கித்தான் துணியோ ஒன்றே ஒன்று, ஆறடிக்கு நாலடி. வரைந்தால் ஒரு படம்தான். எந்தப் படம் என்பதில் எனக்கு அப்போது துளிச் சந்தேகமும் கிடையாது.

கடலூரில் மஞ்சக்குப்பத்தில் ஆரோக்கியம் வீட்டில் தங்கினேன். பினாங்கில் என் பக்கத்துக் கடைத் தையல்காரர் யேசுதாஸின் தங்கை மேரியைக் கட்டியவர். யேசுதாஸ் எனக்கு அண்ணன் தம்பி மாதிரி. அந்த முறையில் ஆரோக்கியம் என்னை வாசலிலேயே மச்சான் என்று கூப்பிட்டார், மேரி அண்ணே என்றார். ஆரோக்கியமும் பேனர் எழுதுகிறவர்தான். சினிமாக் கொட்டகை, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா, மாதா கோயில் திருவிழா எல்லாம் அவர் கைதான். ஸ்டேஷன் பலகையில் இந்தி எழுத்தின் மேல் தார் பூசியிருந்ததே, பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன், தார் ஓரம் கோணாமல் நேராக இருந்தது என்றேன். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். ஊரே அரசியல் பேசுகிற இடத்தில் தொழில்காரன் கண்ணுக்கு ஓரம்தான் தெரிகிறது.

அவருக்காகப் பன்னிரண்டு ட்யூப் சாயம் கொண்டுவந்திருந்தேன். வெளிநாட்டு ஆயில் சாயம் இங்கே குதிரைக் கொம்பாம். சுங்க அதிகாரி ஒருவர் நீல ட்யூப்பைச் சந்தேகப்பட்டுப் பிதுக்கிப் பார்த்ததில் அது பாதியாகிவிட்டிருந்தது. அந்தப் பாதியை ஆரோக்கியம் மூடி திறந்து முகர்ந்து பார்த்தார். அன்று மத்தியானம் எனக்கு நண்டுக் குழம்பு. பினாங்கில் நண்டுக்குச் சர்க்கரையும் மிளகாயும் போட்டு ஒரு சாறு செய்வார்கள், அதையும் ருசி என்றுதான் சொல்லிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன். மேரி மிளகை இடித்துப் போட்டிருந்தார். மூக்கில் தண்ணீர் வர வர மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டேன். அரிசி கிடைப்பதே கஷ்டமாக இருந்த காலம் அது. மூன்றாம் தடவை போட்டுக்கொண்ட பிறகுதான் அது நினைவுக்கு வந்தது, வெட்கமாகப் போயிற்று.

மறுநாள் காலையில்தான் அந்த வீட்டு நடைமுறையைப் பார்த்தேன். ஆறு மணிக்கு மேரி மீன் வாங்கி வந்தார். நேரே சமையலறைக்குப் போகவில்லை. முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே ஒரு சிவப்புத் துணி தொங்குகிறது. அதை விலக்கி, ஒரு தட்டில் நாலு சங்கரா மீனை வைத்து உள்ளே கொடுத்தார். ஆரோக்கியம் தட்டை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, பழைய சினிமா போஸ்டரின் பின்பக்க அட்டையில் வரைய ஆரம்பித்தார். ஒன்பது மணிக்கு மேரி வந்து தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார். செதில் சீவி, அலசி, உலை வைக்க வேண்டும். முடிந்தாலும் முடியாவிட்டாலும் அன்றைய படம் அவ்வளவுதான்.

நடுவில் ஒரு கட்சிக்காரர் வந்தார். பேனர் சாயங்காலத்துக்குள் வேண்டும், ஆளைக் கூப்பிடுங்கள் என்று சத்தம் போட்டார். மேரி நோட்டுப் புத்தகத்தில் அவர் பெயரை எழுதிக்கொண்டே, ஒன்பது மணிக்கு மேல்தான் வருவார் என்றார். உள்ளேதானே இருக்கிறார் என்று அவர் துணியைப் பிடித்தார். "மீனு கெட்டுப்புடும். பேனர் கெடாது. ஒக்காருங்க, காப்பி தரேன்" என்றார் மேரி. அவர் உட்கார்ந்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் கடையில் என் மனைவி கனகம் உள்ளே இருக்கிறாள். வாசலில் நானே நிற்கிறேன், அவசரம் என்று யார் சொன்னாலும் நானே தலையாட்டுகிறேன்.

அந்த மீன் படங்கள் நூற்றுக்கு மேல் பரணில் அடுக்கியிருந்தன. சங்கரா, கெளுத்தி, நண்டு, ஒரு வவ்வால் மீனின் தலை மட்டும். ஒன்றையும் விற்றதில்லை. சில படங்களின் முன் நான் நின்றுவிட்டேன். செத்த மீனின் கண்ணில் ஜன்னல் தெரிந்தது. எல்லாவற்றின் மூலையிலும் 'ஆரோக்கியம்' என்று இருந்தது. முன்னறையில் காய்ந்துகொண்டிருந்த கட்சிப் பேனரின் மூலையிலும் அதே எழுத்தில் அதே பெயர். என் விதியை அவருக்கு விளக்கினேன். தொழிலுக்கு ஒரு பெயர், கலைக்கு ஒரு பெயர் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"ரெண்டும் இந்தக் கையிதான மச்சான்" என்றார் ஆரோக்கியம், சாயம் ஒட்டிய கையைப் பார்த்தபடி. இவருக்கு நுட்பம் போதாது என்று அன்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். உருளையை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று கண்டக்டர் பஸ் மேலே ஏற்றிவிட்டார். என் பக்கத்தில் இருந்த அம்மாள் மடியில் ஒரு சேவலோடு வந்தார். அதற்கு வெயில் படக் கூடாது என்று என்னை ஜன்னல் ஓரத்துக்கு மாற்றினார். பினாங்கு என்றதும், அங்கே சேவல் இருக்குமா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அப்படியென்றால் மனுஷன் இருக்கக்கூடிய ஊர்தான் என்று திருப்தியடைந்தார். இந்தப் பேச்சு சுவாரசியத்தில் சிதம்பரத்தில் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பஸ் என் கித்தானோடு காட்டுமன்னார்கோயிலுக்குப் போய்விட்டது.

அடுத்த பஸ்ஸில் துரத்திக்கொண்டு போனேன். வழியெல்லாம் நெல் வயல். ஒன்றும் கண்ணில் படவில்லை. வேறு கித்தானுக்கு எங்கே போவேன் என்பதே நினைப்பாக இருந்தது. காட்டுமன்னார்கோயில் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை நிழலில் என் கித்தானை விரித்து நாலு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் மரியாதையாக எழுந்து, தட்டிச் சுருட்டிக் கொடுத்தார்கள். வழுவழுன்னு நல்ல பாய் சார், எங்கே வாங்கினீர்கள் என்று ஒருவர் விசாரித்தார். ஒரு மூலையில் வெற்றிலைச் சுண்ணாம்பு விரல் தடம் இருந்தது. துடைத்தும் போகவில்லை.

சிதம்பரத்தில் கீழ வீதியில் ஒரு லாட்ஜில் மாடி அறை கிடைத்தது. ஒரு தச்சரைப் பிடித்துச் சட்டம் அடித்து, கித்தானைச் செங்குத்தாக நிறுத்தினேன். காலையில் இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு ஊற்றினார்கள். சுட்ட கத்தரிக்காயும் புளியும் சேர்ந்த அந்தக் கொத்சுக்காகவே இந்த ஊரில் இன்னும் ஒரு மாசம் இருக்கலாம் என்று கனகத்துக்குக் கடிதம் எழுதினேன். அவள் பதில் எழுதவில்லை.

நியாயத்துக்காக நாலு கோபுரத்தையும் ஒரே இடத்திலிருந்து பார்க்க முடிகிறதா என்று கோயிலைச் சுற்றிப் பார்த்தேன். பிராகாரத்தில் நடந்தேன், குளத்துப் படியில் உட்கார்ந்தேன், தேரோடும் நாலு வீதியும் சுற்றினேன். இரண்டு தெரிகிறது. கழுத்தைத் திருப்பினால் மூன்றாவது. நாலையும் ஒரு பார்வையில் அடக்க முடியவில்லை. என் சுற்றலைக் கவனித்த தீட்சிதர் ஒருவர் என்ன தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். நாலு கோபுரத்தையும் ஒருசேரப் பார்க்க வேண்டுமென்றால் நடுவில் நின்று நாலு முகம் வேண்டும், உமக்கு ஒன்றுதானே இருக்கிறது என்று சிரித்துவிட்டுப் போனார். முதலாளிக்குச் சொல்லச் சமாதானம் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அதன் பிறகு ஆறு நாள் வரைந்தேன். பகலில் கீழைக் கோபுரத்தடியில் நின்று சின்ன அட்டையில் குறிப்பு எடுப்பது, அறைக்கு வந்து கித்தானில் வேலை. உச்சி வெயிலில் கோபுரத்தின் பொம்மைகள் ஒவ்வொன்றும் தன் நிழலைக் கீழ்த்தட்டுப் பொம்மையின் தலையில் போடுகிறது. அந்த நிழல் கறுப்பு இல்லை, செம்பும் ஊதாவும் கலந்த ஒன்று. அதைப் பிடிக்க மூன்று நாள் ஆயிற்று. பிடித்துவிட்டேன். திறப்பு விழா என்று யாரும் கதவைத் தட்டவில்லை. ஆறு வருஷத்துக்குப் பிறகு கை சொன்னபடி கேட்டது. ஆறாம் நாள் பாதிப் படம் நின்றது. நான் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று எனக்குத் தெரிந்தது. கட்டிலில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

ஏழாம் நாள் கிள்ளைக்குப் போனது படத்துக்காக இல்லை. முதலாளியின் அக்காள் மகன் கலியபெருமாளிடம் கொடுக்கச் சொல்லி ஒரு டார்ச் லைட்டும் இரண்டு கைலியும் ஒரு டின் பிஸ்கட்டும் தந்திருந்தார். கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது. கலியபெருமாள் நாற்பது வயது மீனவர். கிள்ளையில் என்னைப் பிடித்து, வீடு முகத்துவாரத்துத் திட்டில் இருக்கிறது, வந்து சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று படகில் ஏற்றினார். உப்பங்கழியில் கழி ஊன்றிப் போனோம். இரண்டு பக்கமும் சுரபுன்னைக் காடு, தண்ணீருக்குள்ளேயே வேர். ஓர் இலையைத் தொடப் போனேன். அது தில்லை மரம், பால் கண்ணில் பட்டால் கண் போய்விடும், படம் போடுகிறவர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா என்று தடுத்தார்.

பேச்சோடு பேச்சாக மாமாவின் படத்தைப் பற்றிக் கேட்டார். நாலு கோபுரமும் வேண்டும் என்கிறார், அப்படி ஓர் இடமே இல்லை என்று கொஞ்சம் கிண்டலாகச் சொன்னேன். காடு முடிந்து முகத்துவாரம் விரிந்தது. கலியபெருமாள் கழியை ஊன்றிப் படகை நிறுத்தினார்.

"எழுந்து நில்லுங்க சார். அப்பிடியே பின்னால திரும்பிப் பாருங்க."

நின்றேன், திரும்பினேன். சுரபுன்னைத் தலைகளுக்கு மேலே, தூரத்தில், வெளிர் நீலமாக நாலு கோபுரம் நின்றது. இடது ஓரம் ஒன்று, வலது ஓரம் ஒன்று, நடுவில் இரண்டு கிட்டக் கிட்ட. சட்டைப் பையிலிருந்து அரிசி மூட்டைச் சீட்டை எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். ஒரு கோடுகூட இடம் மாறவில்லை.

கலியபெருமாள் விளக்கினார். கடலில் இருக்கிறவர்களுக்கு அந்தக் கோபுரங்கள்தான் வழி. சிதம்பரத்துக்கு நேர் கிழக்கே இருந்தால் முன் கோபுரம் பின் கோபுரத்தை மறைத்துவிடும், மூன்றுதான் தெரியும். வடக்கே வர வர மறைந்தது விலகி வெளியே வரும். காதில் செருகியிருந்த பீடியை எடுத்துக் கையை நீட்டிச் செங்குத்தாகப் பிடித்தார். நடுவில் இருக்கிற இரண்டுக்கும் இடையில் பீடியின் மெல்லிய நுனி சரியாக அடங்கினால் அதுதான் அவர்கள் முகத்துவாரம். குறைந்தால் இன்னும் வடக்கே போக வேண்டும். மிஞ்சினால் தாண்டிவிட்டார்கள்.

"மூணு தெரிஞ்சா அது அடுத்தவன் தொறை. நாலு தெரிஞ்சாத்தான் சார் நம்ம வீடு. மாமா தோணியில போறப்ப இங்கதான் நின்னு பாத்துக்கிட்டே போனாராம். எங்கம்மா சொல்லும்."

அவர் வீட்டில் வாளைக் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டேன். ருசி நினைவில்லை. திரும்பும்போது முகத்துவாரத்தில் மறுபடி நிறுத்தச் சொல்லி, நின்றபடி ஒரு மணி நேரம் வரைந்தேன். படகு ஆடாமல் இருக்கக் கலியபெருமாள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுபது வயது மனிதர் தன் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்திருந்தார். நான் அதைக் கோணல் கோடு என்று சிரித்திருந்தேன்.

லாட்ஜுக்கு வந்தால் என் கோபுரம் நின்றுகொண்டிருந்தது. பாதிப் படம், நல்ல படம். கித்தான் ஒன்று. கப்பலுக்கு இன்னும் ஒன்பது நாள்தான். ஆயில் சாயம் காய அதிலேயே சில நாள் போய்விடும். யோசித்து யோசித்து ஆரோக்கியத்துக்கு ஒரு கார்டு போட்டேன். பேனர் துணி ஆறடி வேண்டும், முதலாளிக்கு அதில் வரைந்து கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன் என்று எழுதினேன். என் படமும் தப்பும், அவர் ஆசையும் தீரும். நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் ஞாயிறு. மாதா கோயில் பூசை முடிந்து ஆரோக்கியம், மேரி இரண்டு பேருமே வந்துவிட்டார்கள், துணியோடும் ஒரு டிபன் கேரியர் பொரித்த மீனோடும். அது சைவ லாட்ஜ். மானேஜர் படிக்கட்டில் நின்று மூக்கை உறிஞ்சினார். டர்ப்பண்டைன் வாடைக்கே ஏற்கெனவே என்மேல் கோபம். மூன்று பேரும் ஊருக்கு வெளியே வாய்க்கால் கரைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

அறையில் ஆரோக்கியம் என் கோபுரத்தின் முன் வெகுநேரம் நின்றார். அந்த நிழலை எப்படிக் கலந்தேன் என்று மட்டும் கேட்டார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு யாரும் கொடுத்ததில்லை. பிறகு படகில் வரைந்த அட்டையைக் காட்டி, நாலு கோபுரத்தின் கதையைச் சொன்னேன். பேனர் துணி எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டேன். வஜ்ரப் பசை பூசிய துணி, பினாங்கு ஈரத்துக்கு ஒரு வருஷத்தில் பூஞ்சை பிடித்துவிடும் என்றார். மேரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கோபுரம் எங்கயும் போவாதுண்ணே. அடுத்த வருசம் வந்தாலும் இங்கதான் நிக்கும். அந்தப் பெரியவருக்கு என்னா வயசுன்னு சொன்னீங்க?"

எழுபது என்றேன். மேரி தலையாட்டிவிட்டு, கொண்டுவந்த துணியை மடித்துத் தன் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார். எதைக் காலையில் வரைய வேண்டும் என்று தினமும் முடிவு செய்கிறவர் அவர். எனக்குக் கோபம்கூட வந்தது. இவர்களுக்கு என்ன, நூறு மீன் இருக்கிறது, எனக்கு ஆறு வருஷத்தில் இது ஒன்றுதானே என்று நினைத்தேன்.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கத்தியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். காயாத சாயம் குவியல் குவியலாக வந்தது. காய்ந்த இடம் வரவில்லை. செங்குத்தாக இருந்த கித்தானைப் படுக்கையாகத் திருப்பினேன். கோபுரம் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. அப்போதுதான் பார்த்தேன்: நான் மூன்று நாள் பாடுபட்டுப் பிடித்த அந்தச் செம்பும் ஊதாவுமான நிழல், அகலவாட்டில் நீளமாகக் கிடந்தது. சுரபுன்னைக் காட்டின் அடியில் தண்ணீர் மேல் கிடக்கிற நிழலும் அதே நிறம்தான். அதை மட்டும் தொடாமல் விட்டுவிட்டேன். மேலே காட்டை ஏற்றினேன். வானத்தின் அடியில், மெல்லிய சாயத்தில், சாண் உயரத்துக்கு நாலு கோபுரம். நடு இரண்டின் இடைவெளிக்கு மட்டும் ஒரு முழுப் பகல் ஆயிற்று. சுண்ணாம்பு விரல் தடம் இருந்த மூலை கீழே தண்ணீரில் போய்விட்டது. கையெழுத்துப் போடவில்லை. எந்தப் பெயரைப் போடுவது என்று தெரியவில்லை.

பினாங்கில் படத்தை அரிசிக் கடையின் பின்சுவரில் மாட்டினோம். முதலாளி தடியை ஊன்றி முன்னால் வந்து நின்றார். மூட்டை தூக்குகிற ஆளிடம் ஒரு பீடி கேட்டார். அவர் புகைத்து நான் பார்த்ததில்லை. பீடியை வாயில் வைக்காமல் கையை நீட்டிச் செங்குத்தாகப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மடங்காத காலை இழுத்துக்கொண்டு பின்னால் நடக்க ஆரம்பித்தார். ஓரடி, இன்னும் ஓரடி. வழியில் இருந்த மூட்டைகளை ஆட்கள் ஓடிவந்து நகர்த்தினார்கள். கிட்டத்தட்டக் கடை வாசலுக்கு வந்த பிறகுதான் நின்றார். நீட்டிய கையை இறக்கவில்லை.

"நாக்காலிய இங்க போடுங்க" என்றார்.

உட்கார்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டு, எங்கே நின்று பார்த்தாய் என்று கேட்டார். முகத்துவாரத்தில், படகில் எழுந்து நின்று என்றேன். அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். கோணல் கோடு என்று நான் சிரித்ததை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. படத்தில் பெயர் எங்கே என்று மட்டும் கேட்டார். வீட்டுக்குப் போய்த் தூரிகை எடுத்துவந்து, தண்ணீர் ஓரத்தில் 'சண்முகம்' என்று எழுதினேன்.

கண்காட்சிக்கு அந்தப் படத்தை இரவல் கேட்கவில்லை. அந்த நாற்காலிக்கு எதிரே இருந்த சுவரை ஒரு வாரம் வெறுமையாக விட எனக்கு மனசு வரவில்லை. கனகம் மார்க்கெட்டிலிருந்து மீன் வாங்கி வந்து ஒன்பது மணி வரை எனக்குத் தருகிறாள். வாசலில் அவளே நிற்கிறாள். முதல் வாரம் வரைந்ததெல்லாம் மோசம். ஆனாலும் நாலு அட்டை சேர்ந்திருக்கிறது.

அந்த வாரமே ஒரு சோடாக் கடைக்குப் போர்டு எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் மூலையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, எப்போதும் 'மலர் ஆர்ட்ஸ்' என்றுதானே இருக்கும், யார் இந்தச் சண்முகம் என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.